எண்ணெய் புழங்காத நாலு நாள்

அம்மை வந்த வீட்டில் எண்ணெய் புழங்கக் கூடாது. தாளிக்கக் கூடாது, தலைக்கு வைக்கக் கூடாது, வெளியே எண்ணெய்ப் பலகாரம் தின்றவர்கூட உள்ளே வரக் கூடாது. எல்லா வீட்டுக்கும் உள்ள விதிதான். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கடினமாகிவிடும். என் அப்பாவின் தொழிலே எண்ணெய்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பலகை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறவர்களில் அவர் ஒருவர். சாரல் ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்கு வரமாட்டார். அங்கேயே சக ஆட்களோடு ஒரு அறையில் படுத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து முதுகு முதுகாகப் பார்ப்பார். வாரத்துக்கு ஒருமுறை குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு போவார். வரும்போது அவருக்கு முன்னால் நல்லெண்ணெய் வாசம் தெருமுனையில் திரும்பும். எத்தனை தடவை குளித்தாலும் அது போகாது. உள்ளங்கை ரேகைக்குள் போய்ப் படிந்துவிட்டது.

ஒருவர் சட்டையைக் கழற்றி உட்கார்ந்ததும் தோளைத் தொட்டுப் பார்த்து, அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவார். லாரி ஓட்டுகிறவர், தறி நெய்கிறவர், வாத்தியார். தப்பினால், "அண்ணாச்சி, உம்ம முதுகு பொய் சொல்லுது" என்று சிரிப்பார். அந்தக் கை நாலு நாள் எங்கள் வீட்டுக்குள் வராமல் இருந்தது. அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிதாக நான் செய்ததும் இருக்கிறது.

என் அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்று பீடி சுற்றப் போனாள். நான் வேதியியலில் பட்டம் வாங்கியது அவள் விரல்களால்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். வேலைக்கான அரசுத் தேர்வுக்கு வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் பில், பத்திரம், பேங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தி, எது வந்தாலும் கடைசியில் என் கைக்கு வரும். நான் வாசித்துச் சொன்னால் அது முடிந்த விஷயம். அந்த நம்பிக்கையை நான் விரும்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் வைகாசிக் கடைசியில், சுற்றின பீடியைக் கடையில் கொடுக்கப் போன இடத்தில் அக்கா விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். தென்காசியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், பார்த்தார்கள், மாத்திரை எழுதினார்கள். காலையில் ஒன்று, இரவு ஒன்று. டாக்டர் பொறுமையானவர். "ஒரு வேளைகூட விடக்கூடாது தம்பி. நடுவுல நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்" என்றார். நான் அதை நோட்டில் எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே அவர் இன்னொன்றும் சொன்னார். உடம்பில் எதுவும் புதிதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் வந்து காட்டச் சொன்னார். எனக்கு அது காதில் விழாமல் இல்லை. தலையாட்டினேன். எழுதவில்லை.

வலிப்பு அதன்பின் வரவில்லை. இரண்டு வாரம் போனது. மலையை மேகம் மூடிக்கொண்டது, சாரல் ஊருக்குள்ளும் வந்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கும் வீட்டுக்குள் சாயங்கால வெளிச்சம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. தொண்டை வலிக்கிறது, கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் முகத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில், புருஷன் துபாயில் இருக்கும் ஒரு அம்மாவின் பிள்ளைக்கு முந்தின வாரம்தான் அம்மை போட்டு இறங்கியிருந்தது. அக்காதான் அந்தப் பிள்ளைக்குச் சுவருக்கு மேலாகப் பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே டாக்டர் சொன்னபடி புதிதாக ஒன்று வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. வந்ததற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

எங்கம்மா உடனே வாசலில் வேப்பங்கொத்து சொருகினாள். தாளிக்கிற கரண்டியைக் கழுவிப் பரணில் வைத்தாள். எண்ணெய்ப் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். உள்ளறையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் வேப்பிலை பரப்பி அக்காவைப் படுக்கவைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாத்திரை அட்டையை எடுத்துத் தூரப் போடச் சொன்னாள். அம்மை இறங்குகிறவரைக்கும் இந்த வீட்டில் மருந்து என்ற பேச்சே கூடாது என்றாள்.

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து வாசித்தேன். அம்மா நோட்டைப் பார்க்கவே இல்லை. "ஆத்தா வந்து இருக்கும்போது மாத்திரையா குடுப்பாவ? கோவம் வந்து கண்ண எடுத்துட்டுப் போயிருவா. படிச்சா இதெல்லாம் தெரியாதோல" என்றாள்.

அட்டையை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அம்மை என்பது வைரஸ் என்று எனக்குத் தெரியும். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நிறுத்தினால் வலிப்பு வரும் என்றும் தெரியும். அம்மைக் காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்து வந்தால் அக்கா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அம்மாவின் நம்பிக்கையில் பாதியை, மருந்து கூடாது என்ற பாதியை மட்டும், நான் தப்பு என்று முடிவு செய்தேன். இது அம்மை என்ற மற்றப் பாதியை நான் சந்தேகப்படவே இல்லை.

இளநீர் வெட்டுவது என் வேலை. கிணற்றடியில் உட்கார்ந்து, டம்ளரின் அடியால் மாத்திரையை நசுக்கி, பொடியை இளநீரில் கலக்கி, வெள்ளை தெரியாமல் ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய் சாயங்காலம் ஒன்று. புதன் இரண்டு. வியாழன் இரண்டு. வெள்ளி காலையில் ஒன்று.

அந்த நாட்களில் எங்கள் வீடு எனக்குத் தெரிந்த வீடாக இல்லை. அதுவரை "ஏட்டி" என்று கூப்பிட்டு வேலை ஏவிக்கொண்டிருந்த அம்மா, அக்காவை இப்போது "தாயே" என்றாள். அறைக்குள் போகும்முன் காலைக் கழுவினாள். "தாயே, என்ன வேணும் சொல்லுங்க" என்று கைகட்டிக் கேட்டாள். உள்ளேயிருந்து வருகிற குரல் அக்காவின் குரலாக இல்லை. தொண்டைப் புண்ணால் கரகரத்து, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குரல். அது சொன்னது ஒன்றையேதான். வெளிச்சத்தை அணைக்கச் சொன்னது. அறையில் விளக்கே இல்லை. சின்ன ஜன்னல் வழியாகச் சாரல் வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் சேலையை மடித்துக் கட்டினோம். அப்போதும் அணைக்கச் சொன்னது.

புதன்கிழமை மதியம் அப்பா வந்தார். யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். கையில் மங்குஸ்தான் பழம். அம்மா வாசலிலிருந்து, "அங்கனயே நில்லுங்க. எண்ணெ வாசம் இங்கன வரைக்கும் வருது" என்றாள். அவர் தெருவிலேயே, சாரலில் நனைந்துகொண்டு நின்றார். "பதினஞ்சு வருசம் குளிக்காதவன வெரட்டுத மாதிரி வெரட்டுதா பாருலே" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். பழப் பையை அவர் கீழே வைத்துப் பின்னால் நகர, நான் போய் எடுத்தேன். அவர் கை பிடித்த இடத்தில் படாமல் எடுத்தேன்.

அப்பா பேசுவது கேட்டு, உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். அப்பாவின் சிரிப்பு நின்றது.

"யாருலே அது உள்ள பேசுதது?"

அக்காதான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் வேப்பங்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை இளநீர் கொடுக்கப் போனபோது, கண் இருட்டுக்குப் பழகியதும் அக்காவின் கையைப் பார்த்தேன். அம்மை முத்து என்றால் நீர் கோத்து மேலே நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் இருந்தது. அக்காவின் உடம்பில் இருந்தவை தட்டையாக இருந்தன. நடுவில் கருத்து, அதைச் சுற்றி வெளிறி, அதைச் சுற்றி மறுபடி சிவந்து. கையில், கழுத்தில், உள்ளங்கையில்கூட. நூறு கண்கள் திறந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. அவளுடைய சொந்தக் கண்கள் பீளை கட்டி மூடியிருந்தன. உதடு கருகி வெடித்திருந்தது. டம்ளரை வாயில் வைத்ததும் ஒரு தடவை என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, ஒவ்வொரு மடக்கையும் வலியோடு விழுங்கிக் குடித்து முடித்தாள்.

எரிகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள். வெளியே வந்து அம்மாவிடம், இது வேறு மாதிரி இருக்கிறதே என்றேன். ஆத்தா உள்நாக்கு வரைக்கும் இறங்கியிருக்கிறாள், அப்படித்தான் இருக்கும், வெள்ளிக்கிழமையன்று தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்துவிடுவாள் என்றாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே.

தண்ணீர் ஊற்றும்போது தாங்கிப் பிடிக்க அப்பா வேண்டும் என்று அம்மாவே ஆள் விட்டாள். அவர் குற்றாலத்தில் மூன்று முறை அரப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, எண்ணெய் படாத புது வேட்டியில் வந்தார். வாசலில் அம்மா அவருடைய இரண்டு கையையும் வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகுதான் வழிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் நீ என் கையைப் பிடிக்கிறாய் என்று அப்பா ஏதோ சொல்லப் பார்த்தார். அம்மா செம்பை எடுக்கப் போய்விட்டாள்.

பின்பக்கம் பலகை போட்டிருந்தோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் காலையிலிருந்து முற்றத்தில் இருந்தது. வெயில் இல்லாததால் அது சூடேறவே இல்லை. அம்மாவும் நானும் அக்காவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தோம். பின்கழுத்திலும் தோளிலும் வேப்பிலைகள் ஒட்டியிருந்தன. பலகையில் உட்காரவைத்தோம். அப்பா பின்னால் குந்தி உட்கார்ந்து, அவள் சாய்ந்துவிடாமல் இரண்டு தோளையும் உள்ளங்கையால் தாங்கினார்.

அம்மா செம்பை மொண்டாள். அப்பா, "பொறு" என்றார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் மிக மெதுவாக ஒரு நெல் அளவுக்கு முன்னால் நகர்ந்தது. விரலோடு அக்காவின் தோளில் தோலும் நகர்ந்தது. ஆறுகிற பாலில் படிகிற ஆடையை விரலால் ஒதுக்கினால் எப்படிச் சுருங்குமோ, அப்படிச் சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியது. அக்கா சத்தம் போடவில்லை. அப்பா கையை எடுக்கவில்லை. எடுத்தால் அதுவும் கூட வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியே, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். சாரல் எங்கள் நாலு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

"இது அம்மை இல்ல" என்றார்.

அம்மா செம்போடு நின்றாள். அப்படிச் சொல்லாதீர்கள், காதில் விழுந்துவிடும் என்று கெஞ்சினாள்.

"எத்தனை முதுகு பாத்த கை இது. அம்மைத் தழும்பு, தீக்காயம், அக்கி, எல்லாத்தையும் தொட்டுருக்கேன். அம்மைன்னா தோலுக்கு மேல நிக்கும். இவளுக்கு அடியில பிடிப்பு விட்டுட்டு. தோல் சும்மா கெடக்கு மேல." பிறகு என்னைப் பார்த்தார். "ஏலே, நீ படிச்சவன்லா. சொல்லு. என்னது இது?"

அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் சட்டைப் பையில் இருந்த அட்டை நெஞ்சில் குத்துவதுபோல இருந்தது. ஏன் அப்போது அதன் நினைவு வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெரியாது என்று நான் சொல்வதில் ஏதோ ஒரு பங்கு பொய்யாக இருக்கலாம்.

அப்பா என்னை வாழையிலை வெட்டி வரச் சொன்னார். தலைவாழை இலைகளை அடுக்கி, அதில் அக்காவைப் படுக்கவைத்து, தெருவில் இருந்த ஒரு வேனில் ஏற்றினோம். அவள் படுத்திருந்த வெள்ளை வேட்டியை அம்மா மடிக்கப் போனபோது பார்த்தேன். வேப்பிலைகளுக்கு நடுவே, ஈரக் காகிதம் போல ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு கறுப்பு மச்சம். அக்காவின் இடது தோளுக்குப் பின்னால் இருந்த மச்சம். அவள் வேனில் இருந்தாள். மச்சம் வீட்டில் இருந்தது.

தென்காசியில் அருகில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம். பணியில் இருந்தவர் இளம் டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். பார்த்ததும் முகம் மாறியது. வேகவேகமாகக் கேள்வி கேட்டார். எத்தனை நாளாகக் காய்ச்சல், வாயில் எப்போது புண் வந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள்.

வலிப்பு மாத்திரை என்று அப்பா சொன்னார். டாக்டர் நிமிர்ந்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "செவ்வாக்கெழமயோட நிப்பாட்டியாச்சி டாக்டர். நாலு நாளா ஒரு மருந்தும் உள்ள போகல. அம்ம போட்ட வீட்டுல குடுக்க மாட்டோம்" என்றாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

டாக்டர் யோசித்தார். நிறுத்திய பிறகும் இப்படி ஏறிக்கொண்டே போகிறது என்றால் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம் என்று நர்ஸிடம் சொன்னார். நாலு நாள் மாத்திரை இல்லாமல் இருப்பதும் ஆபத்து, எந்த நேரமும் வலிப்பு வரலாம், அதே மருந்தை மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார். போனைக் கையில் எடுத்தார்.

நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். அம்மா என் பக்கத்தில், முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று நான் நினைத்தேன். சொன்னால், நாலு நாள் அவளுக்குத் தெரியாமல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான் வாசித்துச் சொல்கிற எதையும் இனி யாரும் நம்பமாட்டார்கள். எண் அழுத்திய போனை டாக்டர் காதில் வைத்தார். அங்கே மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.

"இன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன் சார்" என்றேன். அட்டையை எடுத்து நீட்டினேன். "எளநீல கலந்து. ஒரு வேளகூட விடல."

டாக்டர் போனை வைத்துவிட்டார். அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரை வாசித்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். பதினெட்டு இருபது நாள் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இனி ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அடுத்த கால் மணி நேரத்தில் அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

அம்மா அந்தப் பயணம் முழுக்க என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.

திருநெல்வேலியில் அக்காவைத் தீக்காயக்காரர்களைப் போலத் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். தீ எதுவும் படாமல் வெந்த உடம்பு. முதுகும் மார்பும் தோளும் முழுக்க உரிந்தது. நகங்கள் கழன்றன. பிழைப்பாள் என்று யாரும் முதல் பத்து நாள் சொல்லவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், துணி சுற்றிய ஒரு உருவம் மூச்சு விடுவது மட்டும் தெரியும். அது அக்காதான் என்று நினைத்துக்கொள்ள நான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முயற்சி எடுக்க வேண்டியிருந்தது.

அங்கே தோல் டாக்டர் ஒரு அம்மா. ஒருநாள் என்னை உட்காரவைத்து விளக்கினார். மருந்தின் பெயர் கார்பமாசெபின். நல்ல மருந்து, எத்தனையோ பேர் வருடக்கணக்கில் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். ஆனால் சிலருடைய ரத்தத்தில் பிறக்கும்போதே ஒரு அடையாளம் இருக்கிறது. அது உள்ள உடம்பு இந்த மாத்திரையைச் சந்தித்தால், தன் தோலையே பகை என்று நினைத்து அழிக்கத் தொடங்கலாம். அந்த அடையாளம் நம்மைப் போன்ற ஆசியக்காரர்களிடம், இங்கிருந்து கிழக்கே தாய்லாந்து, சீனா வரைக்கும் உள்ளவர்களிடம், அதிகம். வெள்ளைக்காரர்களிடம் அபூர்வம். கீழை நாடுகள் சிலவற்றில் முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கொடுக்கிறார்களாம். யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையும் இப்படிச் செய்யும், அதற்கு அடையாளம் வேறு என்றார். தோலில் முதல் புள்ளி தெரிந்த அன்றைக்கே மாத்திரை நின்றிருந்தால் இவ்வளவு தூரம் போகாமல் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார்.

எழுந்திருக்கும்போது, "நீங்க கூடப் பிறந்தவர்தானே? உங்களுக்கும் அது இருக்க வாய்ப்பு இருக்கு. நீங்களும் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது" என்றார்.

அதை எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு எண்ணம் விடுவதில்லை. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ அது அக்காவுக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு யாரிடமிருந்தோ. எத்தனையோ தலைமுறையாக ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு, யாருக்கும் தெரியாமல், ஒரு தொந்தரவும் செய்யாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது. மாத்திரை வாங்கித் தின்ன வசதியில்லாதவரை அதற்கு வேலையே இருந்திருக்காது. இப்போதும் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டால், அடுத்த நாள் காலை சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். ரத்தப் பரிசோதனை இன்னும் செய்துகொள்ளவில்லை.

அக்கா பிழைத்தாள். ஆடி முடிந்து ஆவணியில் வீட்டுக்கு வந்தாள். புதுத் தோல் சில இடங்களில் வெளுத்தும் சில இடங்களில் கருத்தும், வரைபடம் போல. வலிப்புக்கு வேறு வகை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அது ஒன்றும் செய்யவில்லை. கண்ணீர் சுரப்பது நின்றுவிட்டதால் கண்ணில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். இமை முழுதாக மூடுவதில்லை. மதியம் அவள் தூங்கும்போது அந்த இடைவெளியில் வெள்ளை தெரியும். அந்தப் பக்கமாகப் போகிற அம்மா கொஞ்சம் நின்று, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

ரேஷன் கடையில் இயந்திரத்தில் அக்கா விரலை வைத்தபோது அது ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் பொருந்தவில்லை என்றே வந்தது. கடைக்காரர் என் விரலை வைத்து அரிசி கொடுத்தார். வரும் வழியில் அக்கா தன் விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "வழுக்கட்டையா இருக்குல்லா, ஒரு ரேகையும் இல்ல" என்றாள்.

அப்பா மறுபடி குற்றாலம் போகிறார். ஆனால் முன்போல அழுத்திப் பிடிக்க முடியவில்லை அவரால். நான் ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பருமனான ஒரு ஆள் குப்புறப் படுத்தபடி, "என்ன அண்ணாச்சி, பிடிச்சு விடுதீரா, தூங்கப் பண்ணுதீரா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கட்டைவிரலைத் தோளில் வைத்து, கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார்.

அம்மா என்னிடம் பேசுகிறாள். சாப்பாடு போடுகிறாள். அவள் கணக்கில், ஆத்தா வீட்டில் இருக்கும்போது நான் மருந்து கொடுத்ததால் வந்த கோபம் இது. டாக்டர் கணக்கில், நான் கொடுத்த மருந்துதான் இது. அம்மாவோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கணக்கிலும் அந்த நாலு நாளும் என் கைதான் இருக்கிறது.

அக்காவிடம் நானாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவள் நினைவு தப்பிக் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை என்று நம்பியிருந்தேன். புரட்டாசியில் ஒரு மதியம், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, சொட்டு மருந்தோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த எளநீல..." என்று ஆரம்பித்தேன்.

"கசந்துச்சு" என்றாள்.

கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தேன்.

"மொத நாளே தெரியும்லே. அந்த மாத்திரைய ரெண்டு வாரம் தின்னவளுக்கு அந்தக் கசப்பு தெரியாதா?"

"பெறகு எதுக்குக் குடிச்ச?"

கண்ணை மூடப் பார்த்தாள், அது மூடவில்லை. "அம்மா வேண்டாங்குதா. நீ அவளுக்குத் தெரியாம கொண்டாந்து தாரே. ரெண்டு பேருல யாரு சொல்லுதது சரின்னு அங்கன படுத்துக்கிட்டு யோசிச்சேன். நீதான படிச்சிருக்க" என்றாள். "வியாழக்கெழம ஒனக்கே பயமாத்தான் இருந்துச்சு. எரியுதான்னு கேட்ட. அப்பவாவது கேப்பன்னு பாத்தேன், குடிக்கவா வேண்டாமான்னு. நீ கேக்கல."

குரல் இன்னும் பழைய குரலாகத் திரும்பியிருக்கவில்லை. அதில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மடியில் கிடந்த கைகளைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

பிறகு, நேரமாகிவிட்டது, கண் எரிகிறது என்றாள். நான் மருந்துக் குப்பியைத் திறந்தேன்.

"இது என்ன மருந்து?" என்று கேட்டாள்.

பெயரைச் சொன்னேன். எதற்கு என்று சொன்னேன். எரியும், கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி, விடு" என்றாள். தலையைப் பின்னால் சாய்த்து, ரேகை இல்லாத விரலால் கீழிமையைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.